மூன்றாமவனுக்குப் பரிசில்லை

உட்காருங்கள் அம்மா, இங்கே உட்காருங்கள். அந்தப் பெஞ்சு வெயிலில் கிடக்கிறது. என் பெட்டியை இப்படி நகர்த்திக்கொள்கிறேன். இல்லை, இல்லை, அந்தத் துணிப்பையை நீங்கள் தொட வேண்டாம்; நானே எடுத்துக்கொள்கிறேன். அது என் மடியிலேயே இருக்கட்டும்.

நீங்கள் போனில் தமிழில் பேசியது காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது போல இருந்தது. பினாங்கா? அப்படியா, மகிழ்ச்சி. இந்தத் தாய்லாந்துத் தீவுக்கு வந்ததிலிருந்து என் தமிழைக் கேட்க என் மகளையும் மாப்பிள்ளையையும் விட்டால் ஆளில்லை. நேற்று மாலை முதல் மகளும் இல்லை. அதோ, தூணுக்குப் பக்கத்தில் நீலச் சட்டையில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் எழிலரசி. படகு வரும்வரை அப்படியேதான் இருப்பாள். பிடிவாதம் என்னிடமிருந்து போனது. யாரைக் குறை சொல்வது?

என் பெயர் வடிவாம்பாள். மன்னார்குடி. தமிழாசிரியையாகச் சேர்ந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். என் பேச்சு உங்களுக்குப் புத்தகம் போல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாழ்நாளெல்லாம் வகுப்பில் பேசிப் பேசி நாக்கு இந்தப் பக்கமே திரும்பிவிட்டது. ஒன்று மட்டும் பெருமையாகச் சொல்வேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளையையும் நான் ‘ஏய்’ என்றோ ‘இந்தா’ என்றோ கூப்பிட்டதில்லை. சேர்ந்த முதல் வாரமே பெயர் மனப்பாடமாகிவிடும். கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைக்கும் பெயர் உண்டல்லவா?

நீங்கள் நடுநிலையாகக் கேட்டு ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டும். என் வீட்டில் நீதி கிடைக்கவில்லை.

வருகிற தை மாதம் மன்னார்குடி வீட்டைப் பூட்டிவிட்டு இவர்களோடு பெங்களூருக்குப் போய்விடுவதாக ஏற்பாடு. ‘அக்காவப் பாத்துக்க ஆள் வேணும்ல’ என்று என் தங்கை ஆரம்பித்தாள். அங்கேயே நிறுத்தினேன். என்னை யாரும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்குத் துணையாக நான் போகிறேன் என்றேன். துணைக்குப் போவது வேறு, பராமரிப்புக்குப் போவது வேறு. எழிலும் அதை ஒப்புக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில்தான் இந்தப் பயணத்துக்கே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நேற்று மாலையிலிருந்து பெங்களூர்ப் பேச்சே எழவில்லை.

இவர்கள் இருவருக்கும் ஸ்கூபா டைவிங் என்றால் பைத்தியம். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய் மீன் பார்ப்பது. மீனைப் பார்க்க மன்னார்குடிச் சந்தை போதாதா என்று கேட்டேன். மாப்பிள்ளை கிருபாகரன் சிரிப்பார். நல்ல மனிதர். ‘நீங்க ரூம்லயே ரெஸ்ட் எடுங்க அத்தை, நாள் முழுக்கப் படகுல கஷ்டம்’ என்றார். ரெஸ்ட் எடுக்க நான் என்ன நோயாளியா? நானும் வருவேன், படகில் உட்கார்ந்திருப்பேன் என்று பட்டுக்கரைப் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

படகில் மூன்று பேர் வேலைக்கு. ஒருவன் தானா. தண்ணீருக்குள் இவர்களை அழைத்துப் போகிறவன். சுறுசுறுப்பு, நல்ல ஆங்கிலம், ஏறும்போது என் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். இன்னொருவர் படகைச் செலுத்துகிறவர், சோம்போங் என்று பெயர். மூன்றாமவன் ஒருவன் இருந்தான். நாற்பது வயது இருக்கும். பர்மாக்காரன் என்று மாப்பிள்ளை சொன்னார். நம் ஊர்க் கைலி போலவே கட்டம் போட்ட துணி கட்டியிருந்தான். சிலிண்டரைத் தூக்கிக் கொடுத்தான், கயிற்றை அவிழ்த்தான், அவ்வளவுதான். மற்றவர்கள் தண்ணீருக்குள் குதித்ததும் இவன் படகின் விளிம்பில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடலைப் பார்ப்பதற்குச் சம்பளமா என்று அப்போதே எனக்குள் ஒரு கேள்வி. ‘அவங்க விடுற மூச்சு குமிழ் குமிழா மேல வரும் அத்தை, அதப் பாத்துட்டே இருக்கணும், அப்பதான் கீழ ஆள் எங்க இருக்காங்கன்னு தெரியும்’ என்று முதல் தரம் மேலே வந்தபோது மாப்பிள்ளை விளக்கம் சொன்னார். குமிழி பார்ப்பது ஒரு வேலை! என்னமோ.

அவன் சும்மா இருந்ததோடு விட்டிருந்தால்கூட நான் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். இவர்கள் மேலே வரும் நேரம் பார்த்து, படகைக் கழுவுகிறேன் பேர்வழி என்று ஒரு வாளிக் கடல் நீரை என் மடியில் கொட்டினான் அம்மா! பட்டுக்கரைப் புடவை. இடுப்புக்குக் கீழே ஒரு பொட்டு இடம் உலர்ந்திருக்கவில்லை. ஏணியைப் பிடித்து ஏறி வந்த எழில், ‘அய்யோ, என்னம்மா ஆச்சு?’ என்றாள். ‘இவன்தான், கண் தெரியாமல் கொட்டிவிட்டான்’ என்றேன். சோம்போங் அவனைத் தங்கள் மொழியில் பிடித்துக் கத்தினார். அவன் எனக்கு நேரே இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போய்விட்டான்.

கரைக்கு வந்தோம். இப்போதுதான் விஷயமே வருகிறது.

இந்த டிப்ஸ் என்பதில் எனக்கு உடன்பாடே கிடையாது. செய்கிற வேலைக்குச் சம்பளம் இருக்கும்போது கையில் எதற்கு வைத்து அழுத்த வேண்டும்? தீபாவளிக்குப் பெற்றோர் கொண்டுவந்து நீட்டும் இனிப்புப் பெட்டியைக்கூட நான் திருப்பி அனுப்பியவள். ஆனால் மாப்பிள்ளை, இங்கே அதுதான் மரியாதை என்றார். எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தார். கடைசி நாள் கொடுக்க வேண்டுமாம். ஆளாளுக்குத் தனித்தனியாக நீட்டக் கூடாதாம். கடையின் முன்னால் உண்டியல் போல ஒரு மரப்பெட்டி இருக்கிறது. ஒரே கவராக அதில் போட்டுவிட்டால், தண்ணீருக்குள் போனவன், படகில் நின்றவன், கரையில் சிலிண்டருக்குக் காற்று அடைத்தவன், சோறு வடித்தவள் எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்வார்களாம்.

எழில் கவரை என்னிடம் கொடுத்து, ‘அம்மா கையால போடட்டும்ங்க, பெரியவங்க’ என்றாள். எனக்குச் செய்த மரியாதை அது. அதை மறுக்கவில்லை.

ஆனால் பெட்டியின் முன்னால் போய் நின்றதும் மனம் ஒப்பவில்லை. எல்லோருக்கும் சமமா? விழுந்து விழுந்து உழைத்தவனுக்கும் விளிம்பில் உட்கார்ந்தவனுக்கும் ஒரே மதிப்பெண்ணா? அப்படியானால் எதற்குத் தேர்வு, எதற்கு ஆசிரியர்? கவரைப் பிரித்தேன். கைப்பையில் இன்னொரு கவர் இருந்தது. பணத்தை இரண்டாக வகுத்து வைத்துக்கொண்டு, மூன்று பேரையும் வந்து வரிசையாக நிற்கச் சொல்லுங்கள் மாப்பிள்ளை என்றேன். ‘எதுக்கு அத்தை?’ என்றார். ‘நிற்கச் சொல்லுங்கள், சொல்கிறேன்.’

எங்கள் பள்ளியில் பரிசளிப்பு விழா எப்படி நடக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெயர் சொல்ல வேண்டும். பரிசு எதற்கு என்று அறிவிக்க வேண்டும். பிறகுதான் கொடுக்க வேண்டும். எதற்கு என்று சொல்லாமல் கொடுப்பது பரிசல்ல, பிச்சை. அதே முறையில் செய்தேன். ‘கடலுக்கடியில் என் பிள்ளைகளைக் கைப்பிடித்து வழிகாட்டியமைக்காகத் தானாவுக்கு முதற்பரிசு.’ கொடுத்தேன். ‘படகைப் பத்திரமாகச் செலுத்தியமைக்காகச் சோம்போங் அவர்களுக்கு இரண்டாம் பரிசு.’ கொடுத்தேன். மூன்றாமவன் வரிசையின் கடைசியில் நின்றான். தலையை வாரி, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தான். அவனைப் பார்த்து, ‘நீ கவனமாக வேலை செய்யப் பழக வேண்டும். அடுத்த முறை வரும்போது உனக்கும் பரிசு இருக்கும்’ என்றேன்.

மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தார். இதையும் சொன்னார். எனக்கும் ஓரளவு ஆங்கிலம் தெரியும். கவனம் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘தேங்க் யூ’ என்று யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. அதை இரண்டு முறை சொன்னார். அவன் முகம் மலர்ந்து கை கூப்பினான்.

வெறுங்கையைக் கூப்பிவிட்டு, அதே வெறுங்கையோடு போனான்.

நான் ஏதோ நல்ல காரியம் செய்த நிறைவோடு திரும்பினால், எழிலின் முகம் செத்துப்போயிருந்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி எங்களைப் பார்க்காதது போலக் குனிந்து செருப்பைத் தேடினார்கள். அதைவிடக் கேளுங்கள். நாங்கள் படி இறங்குவதற்குள், தானாவும் அந்தச் சோம்போங்கும் நேரே போய், நான் கொடுத்த கவரைப் பிரிக்கக்கூட இல்லை, அப்படியே அந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள். என் கண்ணெதிரே! என் தீர்ப்பை ஒரு நொடியில் கலைத்துவிட்டார்கள். திருத்திய விடைத்தாளைக் கிழித்துப் போட்டது போல இருந்தது எனக்கு.

‘விடுங்க அத்தை, அவனுக்குச் சேர வேண்டியது சேந்துடும்’ என்றார் மாப்பிள்ளை. எழில்தான் விடவில்லை. ‘காசு இல்லம்மா விஷயம். மூணு பேர நிக்க வச்சு ஒருத்தர மட்டும் கை நீட்ட விட்டு வெறுங்கையா அனுப்புனியே. ஸ்கூல்லயும் இப்படித்தான் பண்ணுவியா?’ என்று கேட்டாள். பெற்ற மகள் கேட்டாள். ‘அவன் என் மேல் தண்ணீர் கொட்டினான்’ என்றேன். ‘தண்ணிதானம்மா! கடல்ல போயிட்டுத் தண்ணி பட்டுச்சுன்னா?’ என்றாள். அதோடு பேச்சு நின்றது. இரவு சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டும் என்றாலும் மாப்பிள்ளை வழியாகத்தான் கேட்டாள்.

சொல்லுங்கள், இதில் என் பிழை எங்கே?

நீங்களும் பெட்டியில்தான் போட்டீர்களா? எல்லோருக்கும் சமமாகவா? ம்.

என்ன கேட்டீர்கள்? அவன் ஏன் நடுவில் படகைக் கழுவினான் என்றா?

நீங்களும் ஆசிரியையா அம்மா? இல்லையா. என் மகள்கூட இதைக் கேட்கவில்லை.

படகு அழுக்காகியிருந்தது, கழுவினான்.

டீசல் நெடி. படகு நின்ற இடத்திலேயே இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குக் குமட்டியது. எல்லோருக்கும் வருவதுதானே? காலையில் தின்றதெல்லாம் வந்துவிட்டது. அவன் ஒரு வாளி கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து என் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். என் அம்மா போன பிறகு என் நெற்றியை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. என் கணவர்கூடத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்பார்.

அது வாந்தியோடு நின்றிருந்தால் நான் இப்படி உங்களிடம் புலம்பிக்கொண்டிருக்க மாட்டேன். நீங்கள் பெண், வயதும் ஐம்பது இருக்கும். வாய் விட்டுச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள். என் வயதில் பலமாக இருமினாலே பயம். அடிவயிற்றைப் பிசைந்துகொண்டு வாந்தி வந்தால் உடம்பு நம் பேச்சைக் கேட்குமா? கேட்கவில்லை. பலகையில் வழிந்தது. புடவை என்றும் பாவாடை என்றும் இல்லாமல்... அவன் பார்த்துவிட்டான். சோம்போங் முன்னால் சுக்கானருகே முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார், அவருக்குத் தெரியவில்லை.

அதே நேரம் பக்கத்திலேயே குமிழி பொங்கியது. இவர்கள் மேலே வருகிறார்கள். நான் என்ன செய்வேன்? எழுந்தால் தெரியும், உட்கார்ந்திருந்தாலும் தெரியும். ‘அக்காவப் பாத்துக்க ஆள் வேணும்ல’ என்ற தங்கையின் பேச்சு என் காதில் கேட்கிறது. அவன் கடலில் வாளியை விட்டு மொண்டான். என் முகத்தை ஒரு முறை பார்த்தான். கேட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். பாஷை இல்லாமல் கேட்டான். நான் ஏதோ தலையசைத்திருக்கிறேன். கொட்டினான். கை தவறிக் கொட்டுகிறவன் சளார் என்று கொட்டுவான். இவன் மடியிலிருந்து கீழே, பாதம் வரை, பலகை வரை, பார்த்துப் பார்த்து நிதானமாகக் கொட்டினான். அடுத்த நொடி எழிலின் தலை ஏணியில் தெரிந்தது.

பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. என் வாய் முந்திக்கொண்டது. அவன் திட்டு வாங்கினான்.

அதற்குப் பிறகும் தன் பையிலிருந்து துவைத்து மடித்த கைலி ஒன்றை எடுத்து என் பக்கத்தில் வைத்தான். இவர்கள் அந்தப் பக்கம் சிலிண்டரைக் கழற்றிக்கொண்டிருக்க, நான் தார்ப்பாய்க்குப் பின்னால் உடுத்திக்கொண்டேன். அங்கே இன்னொரு படகு நெருங்கி வந்தது. அவன் எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றுகொண்டான், முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து. நான் முடித்துவிட்டேன் என்று சொல்லக் கனைத்தேன், இருமினேன். திரும்பவே இல்லை. படகு கரைக்கு வரும்வரை என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

‘யார் கைலிம்மா?’ என்று எழில் கேட்டதற்கு, ‘படகில் கிடந்தது’ என்றேன்.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். தானாவுக்கு ‘வழிகாட்டியமைக்காக’. சோம்போங்குக்கு ‘செலுத்தியமைக்காக’. இவனுக்கு என்ன சொல்லி அறிவிப்பேன்? எதற்கு என்று சொல்லாமல் நான் பரிசு கொடுத்ததே இல்லையே. எதற்கு என்று சொன்னால், என் மகளின் முன்னால், மாப்பிள்ளையின் வாயால் ஆங்கிலத்தில்... அந்தப் பெட்டி யாரையும் ஒன்றும் கேட்பதில்லை. கவரைப் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் என் கையாலேயே அவனுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். ஒருவருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. எனக்குத்தான் விழா நடத்த வேண்டியிருந்தது.

ஆமாம், இந்தப் பையில் இருப்பது அதுதான். ராத்திரியே குளியலறையில் சோப்புப் போட்டு அலசி, மின்விசிறிக்கு அடியில் காயப்போட்டேன். இஸ்திரி கிடைக்கவில்லை. கையாலேயே நீவி மடித்திருக்கிறேன். மடிப்பு நேராகத்தான் இருக்கிறது, பாருங்கள்.

படகு வந்துவிட்டதா? அந்தச் சங்கு அதுதானா? கொஞ்சம் இருங்கள் அம்மா. உங்களிடம் ஓர் உதவி. அதோ, துறையின் முனையில், கயிறு வாங்கிக் கட்டுவதற்காக நிற்கிறான் பாருங்கள், கட்டம் போட்ட கைலி. அவன்தான். காலையில் எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தவனும் அவன்தான். அப்போதே கொடுத்திருக்கலாம், எழில் பக்கத்தில் நின்றாள். நீங்கள் பினாங்குக்காரர், உங்களுக்கு இந்த ஊர் ஆட்களிடம் பேசிப் பழக்கம் இருக்கும். இதை அவனிடம் கொடுத்துவிடுங்களேன். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று சொன்னால் போதும். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

என்ன சொல்லிக் கூப்பிடுவதா?

அவன் பெயர்...

தானாவின் பெயரைக் கேட்டேன். சோம்போங்கின் பெயரைக் கேட்டு, உச்சரிப்புச் சரியா என்று மாப்பிள்ளையிடம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பரிசுக்குப் பெயர் வேண்டுமே. இவனுடையதைக் கேட்கவில்லை. நாள் முழுக்க ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தோம், என் நெற்றியைப் பிடித்தான், நான் கேட்கவில்லை.

கொடுங்கள் அந்தப் பையை. இல்லை, நீங்கள் உட்காருங்கள். நானே போகிறேன்.

அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். ‘அது என்னம்மா பை?’ என்று கேட்பாள். அவ்வளவு நேரம் பேசாதிருந்தவள் கேட்டால், பதில் சொல்லத்தானே வேண்டும். சொல்கிறேன். பெங்களூரில் கட்டிலுக்குக் கீழே ரப்பர் விரிப்பு போட வேண்டும் என்று சொல்வாள். மாப்பிள்ளை இன்னும் மென்மையாகப் பேச ஆரம்பிப்பார். பேசட்டும்.

என் பெட்டியை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. ஆமாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னேன்.

அவன் இன்னும் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கூப்பிட எனக்குப் பெயர் தெரியாது. ‘ஏய்’ என்று கூப்பிட என் நாக்கு வராது. அவனாகத் திரும்பும்வரை பின்னால் நின்றுகொள்கிறேன்.